றீற்றாவின் கயிறு

புத்தளம் கடையில் நேற்று மீன்பிடிக் கயிறு வாங்கினேன். கடைக்காரர் மீற்றர் தடியை வைத்து அளக்க, ஈரக் கயிற்று வாடை மூக்கில் ஏறியது; கடையிலிருந்த கயிறோ காய்ந்து கிடந்தது.

சின்ன வயதில் நான் படித்த எத்தாளைக் கரைப் பள்ளிக்கூடத்தில், ஓலைக் கூரைக்குக் கீழே, அலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி சேர் விஞ்ஞானம் படிப்பிப்பார். எனக்கு அலை மட்டுமே விளங்கும். இரு கையையும் விரித்த நீளத்தைப் பாகம் என்போம், கயிற்றை அப்படித்தான் அளப்போம். ஆளுக்கு ஆள் கை வேறு, ஆகவேதான் மீற்றர் வேண்டும் என்று காட்ட, அவரவர் அப்பாவின் ஒரு பாகத்தைக் கயிற்றில் வெட்டிவரச் சொன்னார்.

அடுத்த நாள் ஒவ்வொரு கயிற்றையும் மீற்றரில் அளந்து கரும்பலகையில் எழுதினார். என் அப்பாவின் கயிறு குட்டை.

"என்ர புத்தி மாதிரியே, சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது.

பிறகு றீற்றா கயிற்றை நீட்டினாள். அவள் அப்பா கடலுக்குப் போய் ஒரு வருசம்; திரும்பி வரவேயில்லை. கயிறு நனைந்திருந்தது.

"பழைய கயிறா, பிள்ளை?"

"இல்ல சேர். இண்டைக்கு விடிய அப்பாதான் கைய விரிச்சு அளந்து தந்தவர். அவரையும் எழுதுங்க சேர்."

ஊரிலேயே நீளமான கை அவள் அப்பாவுடையது; கயிறும் எல்லாருடையதையும்விட நீண்டே கிடந்தது. சேர் அதை நீர் சொட்டச் சொட்ட அளந்து, மற்ற அப்பாமாருக்குக் கீழே கரும்பலகையில் அவரையும் எழுதினார்.

பலகையில் மற்றதெல்லாம் தினமும் அழிபட்டது. அந்த வரியில் மட்டும் ஒருவரும் கைவைக்கவில்லை. அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் கடலே ஏறிவந்து அதை அழித்தது, பள்ளிக்கூடத்தோடு சேர்த்து.