சவரிமுத்துவின் நாற்காலி

கிளட்சை மிதித்த இடது கால் மேலே வரவில்லை. அப்போது கத்தாரில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி சிக்னலில் நின்றிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையால் காலைத் தூக்கி எடுத்து வைத்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூர், மலேசியா, சிங்கப்பூர் என்று கிடைத்த இடத்தில் பிழைத்தேன். கால் மரத்ததற்கெல்லாம் ஊர் திரும்பும் வழக்கம் இல்லை. ஒரு நாள் படியில் விழுந்தபோது கம்பெனியே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டது.

தஞ்சாவூரில் ஸ்கேன் படம் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு கட்டி; அதிலிருந்து மூளைக்குப் பரவிய இன்னொன்று. கத்தி வைக்கக்கூடிய இடம் இல்லை என்றார் டாக்டரம்மா. இம்யூனோதெரபி (உடம்பின் காவல் அணுக்களையே புற்றுநோயோடு மோதவிடும் சிகிச்சை) தொடங்கினார். நான் புரிந்துகொண்டது இது: காவல் அணுக்களின் பிரேக்கை அந்தக் கட்டிதான் அழுத்திப் பிடித்திருக்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. எல்லோருக்கும் கேட்காது என்பதையும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மருந்து ஏற்றும் அறையில் ஜன்னலோர நாற்காலி சவரிமுத்துவுடையது. பாபநாசத்தில் சைக்கிள் கடையும் கொஞ்சம் நிலமும் உள்ளவர். எனக்கு வந்த அதே நோய், அதே மருந்து, அதே கிழமை. ஆள் திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. தம்பிகள், மச்சினன்கள், மாதா கோயில் ஆட்கள் என்று அவருக்காக வராண்டா நிறைந்திருக்கும். என்னோடு என் மனைவி செல்வி மட்டும் வருவாள். கல்யாணமான பிறகு நாங்கள் சேர்ந்தாற்போல் இருந்தது இந்த நோயில்தான்.

“வாங்க துபாய்” என்பார் சவரிமுத்து.

“கத்தார்ங்க.”

“எல்லாம் ஒரே மணல்தான, விடுங்க.”

அவருடைய அடுத்த படத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. அவர் மனைவி அறை முழுக்க கேக் கொடுத்தார். என் பங்கைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். என் படத்தில் மூளைக் கட்டியின் வெள்ளைத் திட்டு பெரிதாகியிருந்தது.

பேராவூரணிப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. மேல்மடை வயலில் தண்ணீர் தளும்ப, காய்ந்த வரப்பில் நிற்பது எங்களுக்குப் பழக்கம். இது அதைவிடக் கொடுமையாக இருந்தது. இத்தனை நாட்டுச் சோறு தின்ற என் உடம்பு திகைத்து நிற்கிறது. ஊர் தாண்டாத அவர் உடம்பு வேலையை முடித்துவிட்டது. அடுத்த முறை முன்னதாகவே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

சவரிமுத்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“பாருங்க சிஸ்டர், கடைமடைக்காரரு முன்னாடியே வந்து மடையை மாத்திட்டாரு!”

“எங்க உக்காந்தாலும் ஒரே மருந்துதான் அண்ணே” என்றார் நர்ஸ்.

“அப்ப நான் இங்கேயே இருந்துட்டுப் போறேன்” என்றேன். அறை சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

அன்று எனக்கு மருந்து ஏற்றவில்லை. டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார்.

“கட்டி வளந்திருந்தா மருந்தை நிறுத்தணும். ஆனா காவல் அணுக்கள் கூட்டமா உள்ள போனாலும் இப்படித்தான் வீங்கித் தெரியும். இந்தப் படத்துல எதுன்னு பிரிக்க முடியலை.”

“நிறுத்திட்டா?” என்றாள் செல்வி.

“அதுக்கப்புறம் கொடுக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லைங்க.”

சென்னையில் ஒரு வழி இருந்தது; இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது. நானோ இரும்பை (தூசியைவிட மிக மிகச் சிறிய இரும்புத் துகள்) நரம்பில் ஏற்றுவார்கள். காவல் அணுக்களில் ஒரு வகை அதை விழுங்கும். அவை கூடிய இடம் மறுநாள் படத்தில் கறுப்பாகத் தெரியும். கட்டியின் அணுக்கள் அவ்வளவாக விழுங்குவதில்லை.

சென்னை போய் ஏற்றிக்கொண்டேன். மறுநாள் படத்தில் என் வெள்ளைத் திட்டில் பெரும்பகுதி கறுத்திருந்தது.

“உங்க ஆளுங்கதான்” என்றார் தஞ்சாவூர் டாக்டரம்மா. “வந்து சேந்துட்டாங்க. மருந்தைத் தொடருவோம்.”

செல்வி அந்தப் படத்தைக் கையில் வாங்கி, கறுப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “எனக்கு மட்டும் ஏன் அந்த இரும்பு ஊசி போடலை? உங்களுக்கு என்ன தனி கவனிப்பு?” அன்று மூன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இதே வாசலில் நிற்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பக்கத்து நாற்காலிக்காரரின் படத்தை வைத்து உங்கள் படத்தைப் படிக்காதீர்கள். படிப்பீர்கள், தெரியும்; ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

இப்போது அவருக்குக் கட்டியே இல்லை. எனக்குக் கடுகளவு நிற்கிறது. பொறாமையும் நிற்கிறது. இடது கால் சொன்னதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கிறது. அது வந்து சேரும்வரை நிற்கப் பழகிவிட்டேன். எங்கும் நிலைக்காத என் தலைக்குள், போன இடத்திலேயே நின்று வேலை பார்த்த அந்த அணுக்கள் மீதும் எனக்குப் பொறாமைதான்.

மூன்று மாதத்துக்கு ஒரு படம் எடுக்கிறார்கள். வருடத்தில் கணக்குப் பார்ப்பதெல்லாம் போய்விட்டது. என் காலம், மூன்று நான்கு மாதத்தில் அறுக்கும் ஒரு குறுவையின் நீளம். ஆற்றில் தண்ணீர் விட்டதும், எங்கள் வயலில் குறுகிய வயது நெல்லாகப் பார்த்துப் போடலாம் என்றேன்.

“சம்பாவே போடுவோம்” என்றாள் செல்வி. “ஆறு மாசம் ஆகும். அறுப்புக்கு இருங்க.”

சரி என்றேன். பிறகு சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன். அவர் என்ன நெல் போடுகிறார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.