ஆட்ட வேண்டாமென்று நான் சொன்ன கை

காலை பத்து மணி. பிசைந்த மாவு போன்ற ஓர் உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து, அமுக்கு என்கிறாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நான், தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு, முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் பச்சை நிற மாவைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். பாரிஸுக்கு வடக்கே சார்செல் என்னும் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இங்கே நான் கண்ட விசித்திரங்களில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. குளிர்காலத்தில் தெருவில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படியும், வெர்க்லா என்பார்கள். அதில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும், இனி கினேயிடம் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உடைந்து சேர்ந்த கைகாலை மறுபடி வேலைக்குப் பழக்குகிறவர்களை இங்கே கினே என்பார்கள். என் கினேயின் பெயர் நிக்கோல்.

முதல் நாள் அவள் என் கையை மெதுவாகப் பின்னால் வளைத்தபடி, வலிக்கிறதா என்று கேட்டாள். நம் ஊரில் டாக்டர் கேட்டால் எப்படிச் சொல்வோமோ அப்படி, மரியாதைக்காக "நோன்" என்றேன். இல்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறவர்கள் இவர்கள். இன்னும் வளைத்தாள். என் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ பொய் சொன்னால் இந்தக் கையை என்னால் சரிசெய்ய முடியாது என்றாள்.

மூன்றாம் நாள், புதிய பயிற்சி ஒன்றை அவள் விளக்கத் தொடங்குமுன்பே நான் செய்துவிட்டேன். முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து உள்ளங்கையை மேலே திருப்புவது, கீழே திருப்புவது. பிறகு கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் சேர்த்து முழங்கையை உயர்த்துவது. முன்பே உடைத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன், அது உண்மை. உன் வீட்டில் வேறு யாருக்காவது என்று கேட்டாள். அதற்கும் "நோன்" என்றேன்.

அந்தப் பயிற்சியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் விழுப்புரத்தில் ஒரு டாக்டர். உடைந்தது என் தங்கை கலைச்செல்வியின் கை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்தாறு. கிளியனூர் சாலையில் எங்கள் ஊர். திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் அவள் டைப்பிஸ்டாக இருந்தாள். மழை நாளில் பஸ் படியில் கால் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தாள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க நான்தான் கூட்டிப் போனேன். உள்ளே அவளுக்கு மாவுக்கட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஆள் யார் என்று கேட்டு டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எலும்பு நல்லா சேந்திருக்கு தம்பி. வேலையே இனிமேதான் இருக்கு" என்றார். வாரம் மூன்று நாள் விழுப்புரத்துக்கு வந்தால் மெழுகு ஒத்தடம் கொடுத்துப் பயிற்சி செய்ய வைப்பார்கள். வர முடியாவிட்டால் வீட்டிலேயே மூன்று வேளையும் வெந்நீரில் கையை வைத்து மடக்கி நீட்ட வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் மூட்டு இறுகிப்போகும், சின்ன வயசுக்காரி, காலமெல்லாம் அந்தக் கையோடு கஷ்டப்படுவாள் என்றார். தன் கையை நீட்டி ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, என்னையும் மும்முறை செய்யச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அந்தப் பெண்ணைக் கட்டினால் நான் பிரான்ஸ் போகலாம். தங்கையை வைத்துக்கொண்டு எனக்கு முதலில் முடிப்பதற்கே அம்மா அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தாள். கலையின் கை இன்னும் சரியாகவில்லை, மூன்று மாதம் அலைய வேண்டும் என்று தெரிந்தால், முதலில் அவளைக் கவனி, பிறகு உன் கல்யாணம் என்று சொல்லிவிடுவாள். புதுச்சேரிக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கலை கேட்டாள். "டாக்டரு இன்னாண்ணா சொன்னாரு?"

"தானா சரியா பூடுமாம். அதுவரைக்கும் ஆட்டக்கூடாதாம்."

வீட்டில் பயிற்சி செய்தால் வலியில் அழுவாள், அம்மா விசாரிப்பாள். அதனால்தான் ஆட்டக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை யோசித்துத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை அந்தக் கை தெரியாதபடி மடித்த புடவைகளை அதன்மேல் போட்டு, அவளைக் கூடத்து ஓரத்தில் நிற்கவைத்ததும் நான்தான்.

கல்யாணம் நடந்தது. நான் விமானம் ஏறினேன். அவள் கை இறுகியது. விரல்கள் மடங்கவில்லை. வக்கீல் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார். ஓமந்தூர் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபி தம்ளர் அவள் கையிலிருந்து நழுவியது. எழுந்து போனவர்கள் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் அம்மா எனக்குக் கடிதமாகச் சொன்னாள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அம்மா சொல்லச் சொல்ல, தன் கையைப் பற்றிய சேதியைக் கலையே இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில் எழுதியிருந்தாள்.

என் கை முழுதாகச் சரியாயிற்று என்று நிக்கோல் எழுதிக் கொடுத்த கோடையில் ஊருக்குப் போனேன். கலையை விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனேன். இப்போது வேறு டாக்டர். ஆபரேஷன் செய்தாலும் கொஞ்சம்தான் வரும், அன்றைக்கே பயிற்சி செய்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது என்றார். ஆட்ட வேண்டாமென்று யார் சொன்னது என்று கேட்டார். டாக்டர்தான் சொன்னார் என்றாள் கலை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், பழைய டாக்டர் அன்று உண்மையில் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கட்டு வெட்டுனவரு அன்னிக்கே, வெரல ஆட்டிக்கினே இரும்மான்னாரு. நீ டாக்டரு வேணாம்னாருன்னு சொன்ன. தூக்கத்துலகூட ஆட்டிடக் கூடாதுன்னு துணியால கட்டிக்கினு படுத்தேண்ணா" என்றாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும், "அம்மாகிட்ட சொல்லிடாத. பெத்ததுல ஒண்ணாவது நல்லாக்கீதுன்னு நெனச்சிக்கினு கீறாங்க" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம், நான் புறப்படுவதற்கு முன் சாப்பாடு. எப்போதும் அம்மாதான் பரிமாறுவாள். அன்று அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்ததால் கலை சோற்றுக் குண்டானை எடுத்து வந்தாள். அதை வலது முழங்கையில் அணைத்துக்கொண்டு, இடது கையால் எனக்குச் சோறு போட்டாள். அம்மா திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"பரதேசம் போற அண்ணனுக்கு எடக்கையால போட்றியே, நான் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? ஒனக்கு அறிவு கீதா?"

கலை என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மா எனக்கென்று பக்கத்து வீட்டில் வாங்கிவந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தட்டோரம் ஒரு கரண்டியும் வைத்திருந்தாள், பிரான்ஸில் கையால் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்களாம். அவர்கள் இருவரும் தரையில் சாப்பிட உட்காரும்வரை குனிந்தபடியே இருந்தேன். பிறகு அந்தக் கரண்டியை வலது கையில் எடுத்து, அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.