லிங்கிக்குப் போன கேசட்

மத்தியான மழை விட்டதும் எங்கள் வீட்டுத் தகரக் கூரை 'டிக் டிக்' என்று சொட்ட ஆரம்பிக்கும். அந்தச் சத்தமும் அடங்கிய பிறகுதான் அம்மா பாட முடியும். ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த 'லயத்து' வீட்டுச் சமையலறைதான் எங்களுடைய ஒலிப்பதிவுக் கூடம்.

அம்மா பால்மரம் சீவியபடியே பாட்டுக் கட்டுவார். ஒரு 'நெரை', அதாவது ஒரு வரிசை மரத்தைச் சீவி முடிப்பதற்குள் ஒரு வரி வந்துவிடும். அடுத்த நெரை முழுக்க அதையே முணுமுணுத்து, வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதி வைப்பார். மெட்டு பிடிபட்டதும் அப்பாவின் வேலை தொடங்கும். தோட்டத்து லோரி ஓட்டிய அவரிடம் கேசட் போடும் 'ரேடியோ செட்டு' இரண்டு இருந்தன. முதல் செட்டில் அம்மாவின் குரலும் அப்பாவின் கிட்டாரும், ஒன்பது வயது நான் பிஸ்கட் டின்னில் போடும் தாளமும் பதிவாகும். பிறகு அதை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அம்மா இரண்டாம் குரல் பாட, எல்லாவற்றையும் இரண்டாவது செட்டு பிடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் அம்மியில் அரைத்தால் அதுவும் பாட்டுக்குள் வந்துவிடும் என்பதால், நான் முன்னதாகவே போய்க் கெஞ்சிவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் லிங்கி ஊர்ச் சர்ச்சுப் பாடகர் குழு, அப்பா சொல்லிக் கேள்விப்பட்டு, அம்மாவின் பாட்டைக் கிறிஸ்மஸுக்குப் பாடுவதாகச் சொல்லியனுப்பியது. எங்கள் சமையலறையைத் தாண்டாத பாட்டு முதல்முறையாக வெளியே போகிறது. பதிவு செய்த மறுநாள் காலையே அப்பாவின் லோரியில் கேசட் போயாக வேண்டும். அன்று பார்த்து, முதல் செட்டில் பதிவாகும்போதே, இரண்டாம் சரணம் முடிகிற நேரத்தில் ஒரு சேவல் நேரே உள்ளே வந்து என் மடியில் ஏறப் பார்த்தது. நான் பதறிப்போய் மூன்று தட்டு கூடுதலாகப் போட்டுவிட்டேன். அப்பா கிட்டாரை நிறுத்திக் காத்திருக்க, அம்மா சிரிப்பை விழுங்கி, ஒரு மூச்சு தாமதித்துத்தான் அடுத்த வரியை எடுத்தார். மறுபடி எடுக்கலாம் என்றால், விட்ட மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. இருட்டும் வரை ஓயவில்லை.

"போச்சுலா எம் பாட்டு. ஊரே சிரிக்கப் போவுது," என்றார் அம்மா. பாடத் தெரிந்தவர்களுக்குப் பிழை எது என்றும் தெரியும் என்று அப்பா சமாதானம் சொல்லி, கேசட்டைக் கொண்டுபோனார். எனக்கு அந்த டின்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று லிங்கிக்குப் போனோம். இரண்டாம் சரணம் முடிந்தது. பாட்டு நின்றது. குழு மொத்தமும் மூன்று முறை கைதட்டி, ஒரு மூச்சு இழுத்து, ஒரே குரலாக அடுத்த வரியை எடுத்தது. கேசட்டைக் கேட்டே பழகியவர்கள் ஒன்றையும் விடாமல் பழகியிருந்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார், கண்ணெல்லாம் தண்ணீர். ஆராதனை முடிந்ததும் குழுத் தலைவர் அம்மாவைத் தேடி வந்தார்.

"அந்த மூணு தட்டு எங்கருந்துக்கா புடிச்சீங்க? புள்ளைங்க அதுக்குன்னே காத்துக் கெடக்குதுங்க."

அம்மா என்னை முன்னே இழுத்து நிறுத்தி, "எம் மவ போட்டதுலா," என்றார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததாக நினைவில்லை.

லயங்களை இடித்துவிட்டார்கள், அங்கே இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. கேசட் எந்த வீடு மாற்றத்திலோ காணாமல் போயிற்று. இப்போது குடியிருக்கும் பாரோய் வீட்டில் அம்மா இன்னமும் பாட்டுக் கட்டுகிறார், கைபேசியில் தாமே பதிவும் செய்கிறார். ஆனால் சின்னப் பிசிறு தட்டினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார். வருஷக்கணக்காக ஒரு பாட்டும் வீட்டைத் தாண்டவில்லை. போன வாரம் ஒன்றை அவர் அழிப்பதற்கு முன் எடுத்து, நடுவில் அவர் தும்மியது உட்பட, லிங்கிப் பாடகர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.