பலாப்பலகை டேஷ்போர்டு

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இலஞ்சி விலக்கில் நாலு தகரத்தை நிறுத்தி ஒரு வெல்டிங் பட்டறை போட்டேன். ஆறு மாதம் தாங்காது என்றார்கள். முப்பத்தெட்டு வருடம் ஓடியது. பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டினேன். இந்தச் சித்திரையிலும் தண்ணீர் கிடந்தது. குற்றாலம் சீசனுக்குப் பழம் விற்கிறவர்களுக்கு நான் செய்து கொடுத்த தள்ளுவண்டிகள் இருபதுக்குக் குறையாது. சாரலில் நனைந்து சக்கரம் துருப்பிடித்திருக்கும், என் பற்றவைப்பு விட்டதில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் பாதியில் ஓடிப்போனான், மாடிப்படி முழுவதையும் நானே கட்டி முடித்தேன். ஒரு படி மட்டும் கொஞ்சம் உயரம். அதைப் பற்றி இப்போது வேண்டாம். படித்தது அஞ்சாம் வகுப்பு, அதிலும் பாதிதான்.

இத்தனையும் செய்தவன் ஒரு பழைய பிக்கப் வண்டியின் டேஷ்போர்டுக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் நானே சொல்லிவிடுவது நல்லது.

வண்டி என்னுடையது. பட்டறையை மூடிய பிறகு தேங்காய் ஏற்றி ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன ஆவணியில் திரும்பி வரும் வழியில் ஸ்டியரிங்குக்குக் கீழே புகை வந்தது. வயர் ஷார்ட் ஆகி, இறங்கி பேட்டரியைக் கழற்றுவதற்குள் டேஷ்போர்டில் பாதி உருகி வழிந்துவிட்டது. போலீஸ் வேலையில் இருக்கும் என் மகன் லீவில் வந்தவன் எட்டிப் பார்த்தான்.

"எப்பா, இது இனி தேறாது. இரும்புக் கடைக்குப் போட்டுருவோம்."

"ஏலே, நான் எதுக்கு இருக்கேன்?"

"ஒங்களுக்கு எழுவத்திரண்டு வயசு. குனிஞ்சா நிமிர முடியல. எஃப்.சி.க்கு வேற ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியக் காட்டணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எஃப்.சி. தேதிக்குள்ள எல்லா லைட்டையும் எரிய வைக்கேன். வைக்கலன்னா நானே இரும்புக் கடைக்காரனக் கூப்பிட்டு விடுதேன். அப்புறம் எந்த வண்டிச் சாவியயும் தொட மாட்டேன், போதுமா?"

அவன் சரி என்று சொல்லிவிட்டான். கொஞ்சமாவது மறுப்பான் என்று நினைத்தேன். அந்தத் தேதி ஆயுத பூஜை கழிந்து எட்டாம் நாள்.

மரவேலையை ஒரு வாரத்தில் முடித்தேன். கதவுக்கு என்று வாங்கி மிஞ்சிய பலாப்பலகை ஒன்று பரணில் கிடந்தது. அதை அறுத்து, இழைத்து, ஸ்பீடோமீட்டருக்கும் டீசல் முள்ளுக்கும் வட்டமாக ஓட்டை போட்டு, கண்ணாடிக்குக் கீழே பொருத்தினேன். ஒரு ஆப்புகூட அடிக்கவில்லை, தட்டியதும் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு எரிந்த வயர்களை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, தென்காசிக்குப் போய்ப் புது வயர் வாங்கினேன். நல்ல செம்பு உள்ள ரோல் கறுப்பு நிறத்தில் மட்டும்தான் இருந்தது.

"அண்ணாச்சி, கலர் கலரா எடுத்துக்கிடுங்க. பின்னால குழம்பிரும்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு எதுக்குவே கலரு? எல்லாம் இங்கன இருக்கு" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலத்துக்குள் அத்தனை வயரையும் இழுத்து, நுனிகளைப் பலகைக்கு முன்னால் தொங்கவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் பூஜை, கருவியைத் தொடக் கூடாது. அதற்கு அடுத்த நாள் இணைத்து முடுக்கிக்கொள்ளலாம், அதுவரைக்கும் ஒரு அடையாளம் வேண்டும். மனைவி பூஜைக்காகச் சந்தனம் குழைத்து வைத்திருந்தாள். அதிலிருந்து தொட்டு, ஹெட்லைட்டுக்குப் போகிற வயருக்குச் சந்தனம் வைத்தேன். ஹாரனுக்குக் குங்குமம். வைப்பருக்கு இரண்டும். இண்டிகேட்டருக்கு இடம் ஒரு பொட்டு, வலம் இரண்டு பொட்டு. இப்படியே போய், ஒன்றும் வைக்காமல் விட்டதெல்லாம் எர்த். துண்டுச்சீட்டு எழுதி ஒட்டுகிறவனுக்கு இவ்வளவு சுருக்கம் வருமா என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனேன்.

காலையில் பொரியும் பூசணிக்காயும் மாலையும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினேன். வண்டி கழுவிப் பளபளவென்று நின்றது. உள்ளே பார்த்தேன். தொங்கின ஒவ்வொரு வயருக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் ஒரு குங்குமப் பொட்டு. எல்லாம் ஒரே அளவு.

"ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"என்ன செஞ்சிட்டேன்? நீங்கதான் பாதிக்குப் பொட்டு வச்சிட்டு மீதிய விட்டுட்டுப் படுத்துட்டிய. ஒண்ணுக்குச் சந்தனம் மட்டும், ஒண்ணுக்குக் குங்குமம் மட்டும், சிலதுக்கு ஒண்ணுமே இல்ல. சாமி காரியத்துல ஓரவஞ்சனை உண்டுமா? ஈரத்துணியால எல்லாத்தயும் தொடச்சிட்டு முறையா வச்சேன். எண்ணிப் பாருங்க, ஒண்ணு விட்டிருக்கேனா?"

ஒன்றுகூட விடவில்லை. அவள் தட்டில் சூடம் கொளுத்திவிட்டாள். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எல்லாம் மண்டையில் இருக்கிறது என்று சொன்னவன் அல்லவா? கண்ணை மூடி யோசித்தேன். ஒரு கட்டுக் கறுப்பு வயர்தான் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு வாசல் கேட்டை ஒரு தடவை பார்த்தால் அளவெடுக்காமல் இரும்பு வெட்டுவேன். இப்போது முந்தின நாள் சாயங்காலம் என் கையால் இழுத்த வயர் எது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் தோராயமாக இணைத்துப் பார்த்தேன். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடியது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் பிரேக் லைட் எரிந்தது. ஒன்றைப் பிரித்து மாற்றினால் இன்னொன்று செத்துப்போனது. மூன்றாம் நாள் பலகைக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தவன் எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். மனைவிதான் இரண்டு காலையும் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். மகன் போனில் கேட்டான்.

"எப்பா, எப்படிப் போகுது?"

"முடிஞ்ச மாதிரிதான்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே தூறல் போட்டது. வைப்பரைப் போடப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலையில் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய், வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு பாயைக் கூட்டிவந்தேன். என்னைவிட முப்பது வயது இளையவர். உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, எந்தப் பொட்டு எந்த லைட்டுன்னு சொன்னியன்னா சட்டுனு முடிச்சிருவேன்."

"நான்தான் வச்சேன் பாய்" என்றாள் மனைவி, வாசலில் நின்று.

"நல்லா வச்சிருக்கிய ஆச்சி. என் கடைக்கும் ஒருநாள் வாங்க."

அவர் டெஸ்ட் லேம்பை எடுத்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் கொடுத்த வேலை, வண்டிக்கு வெளியே நின்று பார்த்துச் சொல்வது.

"எரியுதா அண்ணாச்சி?"

"இல்ல."

"இப்ப?"

"எரியுது. ஆனா வலது பக்கம்."

இரண்டு நாள் இதைத்தான் சொன்னேன். எரிகிறது, எரியவில்லை. கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இடையில் ஒருமுறை பாய் பலகையைக் கையால் தடவினார்.

"இது யாரு அறுத்தது?"

"நான்தான்."

"ஒரு நூலு கூட விலகலியே."

அன்று மத்தியானம்தான் ஐந்து நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் எஃப்.சி.க்கு மகனும் வந்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், எல்லாம் சொன்னபடி கேட்டது. நான் வெளியே நின்று ஒவ்வொன்றுக்கும் எரியுது, எரியுது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். இறங்கும்போது விரலை மடக்கிப் பலகையில் தட்டினார்.

"நல்லாருக்கே. யாரு செஞ்சது?"

"தென்காசில ஒரு பாய் சார். ரெண்டே நாள்ல முடிச்சிட்டாரு" என்றான் என் மகன்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடுத்த லாரிக்குப் போய்விட்டார். வண்டி தேறியது, சாவியும் என்னிடமே இருக்கிறது. ஆனால் டீக்கடையில், கல்யாண வீட்டில், சொந்தக்காரர்களிடம், அவன் எங்கே போனாலும் அதையேதான் சொல்கிறான். பாய் செஞ்ச வண்டி. கேட்டுக்கொண்டிருக்கும் மனைவியும் ஆமாம் போடுகிறாள்.

இணைப்புக் கொடுத்தது பாய். அவர் இல்லாவிட்டால் வண்டி இன்று இரும்புக் கடையில் கிடக்கும். அதை மேலேயே எழுதிவிட்டேனே. ஆனால் பலகையைத் தேர்ந்தெடுத்தது, அறுத்தது, இழைத்தது, எரிந்த வயரை உருவியது, புது வயரை மூலைக்கு மூலை இழுத்தது எல்லாம் நான். அந்த இன்ஸ்பெக்டர் தட்டிப் பார்த்தது வயரை அல்ல. ஏலே மகனே, இதை உனக்காகத்தான் எழுதுகிறேன். நீ போலீஸ்காரன், நடந்ததை நடந்தபடி எழுதத் தெரிந்தவன். இனி யார் கேட்டாலும் முதலில் எங்கப்பா என்று சொல், அடுத்து பாயைச் சொல். நான் பக்கத்தில் நிற்காவிட்டாலும் அதே வரிசையில் சொல்.