கீழே நின்று பார்க்கிற வேலை

வகுப்பில் அவருக்குப் பெயர் பெரியப்பா. சேர்ந்த முதல் நாள் அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, வாத்தியார்தான் வந்துவிட்டார் என்று அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அவர் நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நாற்பத்தாறு வயது. பகலில் அட்டைப்பெட்டி ஆலையில் வயர்மேன், மாலையில் பொறியியல் மாணவர். இருபத்திரண்டு வருடம் ஏணியிலேயே கழிந்ததில் முட்டி இரண்டும் மூன்றாவது படியிலேயே மக்கர் பண்ணின. ஏணி ஏற வேண்டாத வேலை ஆலையில் ஒன்றே ஒன்றுதான், சூப்பர்வைசர். அதற்கு டிகிரி வேண்டும். டிகிரிக்கு மிச்சம் இருந்ததோ புராஜெக்ட் மட்டும். அதில் ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தார். மூன்றாவது தடவையும் போனால் கல்லூரியில் கையை விரித்துவிடுவார்கள்.

புராஜெக்ட் ஒன்றும் ராக்கெட் இல்லை. போனில் ஒரு ஆப். அதில் எதை டைப் அடித்தாலும், எங்கோ சுவரில் தொங்கும் எல்.இ.டி. பலகையில் அது சிவப்பு எழுத்தாக ஓட வேண்டும். முதல் தடவை ஐந்நூற்றுப் பன்னிரண்டு பல்பையும் பலகையின் முதுகுப் பக்கம் பார்த்தே ஈயத்தால் பற்றவைத்தார். ஆலையில் பலகைகளைப் பின்னாலிருந்து வயரிங் செய்த பழக்கதோஷம். தேர்வன்று சுவிட்சைப் போட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிக்கொண்டு ஓடியது. இரண்டாவது தடவை கூட்டாளிகள் கழன்றுகொண்டார்கள். ஒருவன் வெளிநாடு போனான், ஆப் எழுதித் தருவதாகச் சொன்னவன் மாமனார் கடையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்தத் தடவை எல்லாம் தனி ஆளாக. மகளின் கட்டம்போட்ட நோட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கறுப்படித்து, அதைக் கணக்காக்கிப் பலகையில் ஏற்றினார். "இங்கிலீஷ் போதுமே பெரியப்பா, ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றார்கள் பையன்கள். "எங்க வீட்ல அவ தமிழ்லதான்பா அடிப்பா" என்றார்.

'அவ' என்றது மனைவியை. பெரியப்பாவின் போன் பழசு. பலகைக்கு இன்டர்நெட் கொடுக்கும், அவ்வளவுதான், ஆப்பை ஏற்காது. ஆகவே ஆப் மனைவியின் போனில் இருந்தது. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மதிய ஷிஃப்ட், விரிப்பு இஸ்திரி போடும் வேலை. பெரியப்பா வீடு திரும்பி, சமையலறைக் கதவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையை ஓடவிட்டால் அங்கிருந்தே சோதனை பண்ணுவாள். 'சோப்பு தீந்துபோச்சு.' 'முட்டிக்குத் தைலம் தடவுனீங்களா?' இவர் பதில் அனுப்ப வழி கிடையாது. கல்யாணமாகி இருபது வருடமாக இருந்த ஏற்பாடுதான் என்பதால் அவருக்கு அது குறையாகவே படவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். ஒவ்வொரு வயரையும் மூன்று முறை இழுத்துப் பார்த்த மனிதர், தேர்வன்று மனைவியின் போனை வாங்கி வர மறந்துவிட்டார். அவளும் மறந்தாள். அது பாட்டுக்கு வழக்கம்போல அவள் பையில் ஏறி வேலைக்குப் போய்விட்டது.

தேர்வு அறையில் ஸ்டூலில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை ஆணியில் மாட்டி இறங்கி, சட்டைப்பையைத் தடவியபோதுதான் விஷயம் உறைத்தது.

"ஆப் எங்க?" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"வீட்டம்மா கையில சார்."

"வீட்டம்மா எங்க?"

"வேலையில சார்."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலையிலிருந்து பதினாறு புராஜெக்ட் பார்த்த அலுப்பு அவர் முகத்தில் இருந்தது. "அப்ப போன் போடுங்க. முன்னாடியே ஏத்தி வெச்சதை ஓட்டிக் காட்டிட்டுப் போறவங்க நிறையப் பேர். நான் கேக்கறதுக்குப் பதில் வரட்டும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் படிப்பு? அவங்களையே எழுதச் சொல்லுங்க."

இரண்டாவது அழைப்பில்தான் எடுத்தாள். "ஏங்க, பாஸா?"

"இன்னும் இல்ல. சார் உன்னைக் கேள்வி கேக்கறாரு. எனக்கு எதுக்கு இந்தப் படிப்புன்னு பலகையில அடி. நான் வெச்சிடறேன், பேசிட்டிருந்தா இந்த போன்ல நெட் நின்னுடும்."

வைத்துவிட்டார். பலகை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தேர்வாளர் மதிப்பெண் தாளைக் கையில் எடுத்தார். பெரியப்பாவுக்குக் கோபம்கூட வரவில்லை. போனால் போகட்டும், எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் இருந்தது. ஆனால் நாற்காலி இருந்தது தேர்வாளருக்கு மட்டும்.

மூன்றாவது நிமிடம் பலகை விழித்தது. எழுத்துகள் வலப்பக்கமிருந்து ஒவ்வொன்றாக வந்தன.

'ஏணி ஏற முட்டி விடல சார்.'

பக்கத்து மேஜைப் பையன்கள் திரும்பினார்கள்.

'கீழ நின்னு பாக்கற வேலைக்குதான் படிக்கறாரு. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டீங்க.'

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சார், அவ ஏதோ..." என்று ஆரம்பித்தார். தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது.

'மனுஷன் ரொம்ப அசந்துட்டாரு. வெளிய சொல்ல மாட்டாரு.'

அவர் சொன்னதேயில்லை. ஒரு நாள்கூட. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் 'எனக்கென்ன' என்பவர் அவர். இப்போது அது, அவரே கட்டம் கட்டமாகக் கறுப்படித்த எழுத்தில், ஊரறிய ஓடியது. வெட்கமாக இருந்தது. கூடவே, சுமையைக் கீழே வைத்த மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது.

தேர்வாளர் தாளில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். பெரியப்பா பலகையைக் கழற்ற ஸ்டூல் மேல் காலை வைத்தார்.

"இறங்குங்க" என்றார் தேர்வாளர். எழுந்து வந்து, செருப்பை விட்டுவிட்டுத் தானே ஸ்டூலில் ஏறினார். "நீங்க கீழ நின்னு பாருங்க. இனிமே அதுதானே வேலை?"