நான்காவது லிஃப்ட்: எல்கடுவவுக்கு ஒரு பொறாமைப் பயணம்

போன மாதம் பௌர்ணமிப் போயா விடுமுறையில் நான் எல்கடுவவுக்குப் போனதற்கு ஒரே காரணம் பொறாமை. அருவியெல்லாம் இரண்டாம்பட்சம்.

மாதிரிக் கப்பல் செய்கிறவர்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். கொழும்புக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரே ஒரு பெரிய மேசைதான். விமானந்தாங்கிக் கப்பல் செய்தவர்களோ இரண்டு பேர்: நானும், எல்கடுவ தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கும் செல்வமும். யாருடையது மேசை ஏறுவது என்று வருகிற ஞாயிறு வாக்கெடுப்பு. அசைய வேண்டியதெல்லாம் அசைய வேண்டும் என்பது விதி. என் கப்பலில் விமானங்களை மேல்தளத்துக்கு ஏற்றும் நான்கு லிஃப்டுகளில் ஒன்றின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. அவருடையதிலும் ஏதாவது ஒரு குறை இருக்காதா?

காலை 6.15க்குக் கண்டியில் பஸ். மாத்தளைக்கு ஒரு மணி நேரம், 120 ரூபாய். அங்கிருந்து எல்கடுவ பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். வளைவுகள் அதிகம், வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். இறங்கியதும் ஓர் ஆட்டோ பிடித்தேன், 300 ரூபாய்.

"கப்பல் செல்வம் வீடா? ஏறுங்க. போன கிழமகூட ஒரு டீச்சர் புள்ளைங்கள கூட்டிட்டு வந்தாங்க" என்றார் டிரைவர்.

நான் என்ன செய்கிறேன் என்று என் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் செல்வத்தின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் பாதியைக் கப்பல் பிடித்திருந்தது. இருநூறில் ஒரு பங்கு அளவு, ஐந்தரை அடி நீளம். இறங்கும் விமானத்தைக் கொக்கி போட்டு நிறுத்தும் கம்பிகள் சைக்கிள் பிரேக் கேபிளில் பிரித்த இழைகள். கட்டளைக் கோபுரம் தேயிலைப் பெட்டிப் பலகை. விமானங்களின் இறக்கைகள்கூட மடங்கின. நான்கு லிஃப்டும் வெண்ணெயில் கத்தி போல ஏறி இறங்கின. நானும் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகத் தேடினேன், ஒரு குறையும் இல்லை.

"மோட்டார் எங்க எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் மனைவி பால் கலக்காத பிளேன்டியை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு பழைய வீடியோ டெக்குதாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருந்திச்சு, புடுங்கிட்டாரு."

என் கப்பலின் படங்களைக் காட்டி, ஒரு லிஃப்டின் மோட்டார் எரிந்துபோனதையும் சொன்னேன். செல்வம் வெகு நேரம் பார்த்தார்.

"பெயிண்ட் அடிச்சது ரொம்ப அழகு சார். ஆனா மேல்தளத்த முழுசா ஒட்டிட்டீங்களே. மோட்டார் போனா எப்படி கழட்டுவீங்க?"

தன் கப்பலின் தளத்தில் நான்கு சிறு கதவுகளைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு மோட்டார், இரண்டு திருகாணி.

"அசல் கப்பல் மாசக்கணக்கா கரைக்கு வராதுங்க. அதனால ஸ்பெயார் பார்ட்ஸ், விமான எஞ்சின் மாத்துற பட்டற, எல்லாத்தையும் உள்ளேயே வச்சிக்கிட்டு போகும். எங்க ஃபெக்டரியிலயும் அப்படித்தான், கொழுந்து உருட்டுற ரோலர் நின்னா கொழும்புல இருந்து சாமான் வர்ற வரைக்கும் கொழுந்து காத்துக்கிட்டு இருக்காது. பக்கத்து ரோலர்ல கழட்டி இதுல மாட்டிருவோம்."

சொல்லிக்கொண்டே நான்காவது மோட்டாரைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"உங்களுக்கு?"

"எனக்கு வேற ஒண்ணு கெடைக்கும் சார்."

கிடைக்காது. அதே மோட்டாருக்காகக் கொழும்பில் மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். அதை வாய்விட்டுச் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எல்கடுவவிலிருந்து பிற்பகல் 2.40 பஸ். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்தான்.

வீட்டில் தளத்தை வெட்டி, மோட்டாரை மாட்டி, மறுபடி ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன். கதவு வைக்கவில்லை. கதவு வைத்தால் கோடு தெரியும், அழகு போய்விடும்.

நேற்று செல்வம் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "ஒரு லிஃப்ட் ஓடல. இந்த தடவ நான் வரல." கை தட்டும் படங்களாக எனக்கு வாழ்த்து குவிகிறது. மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாத அந்த மனசுமேல்தான் இப்போது எனக்கு ஆகப் பெரிய பொறாமை.

போகிறவர்களுக்கு: சில்லறைக் காசும் குடையும் கொண்டுபோங்கள். செல்வம் வீட்டுக்குப் போனால் உங்களிடம் இல்லாததை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், கழற்றிக் கொடுத்துவிடுவார்.

குழுவில் இருப்பவர்களுக்கு: என் நான்காவது லிஃப்டில் ஓடுவது அவருடைய மோட்டார். ஞாயிறு எனக்கு வாக்குப் போடாதீர்கள். இந்தப் பதிவை ஏற்றியதும், மோட்டாரைத் திருப்பிக் கொடுக்கத் தளத்தை மறுபடி வெட்டப்போகிறேன். அறுக்கும் வாள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மணி நேரமாக அப்படியே இருக்கிறது.