கேட் பட்டியலில் நாற்பத்தொன்றாம் வரி

கண்ணால் பார்க்காத எழுத்தைத் திருத்துவதுதான் என் வேலை. அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கேட் பட்டியல் என் பொறுப்பு. கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் பழசு. மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் ‘ஈ.டி.’ என்ற எடிட்டர் மட்டும்தான். எந்த வரியை நீக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்தே கட்டளைகளை எழுதி அனுப்பிவிடுவேன். அது படித்துத் தானாகச் செய்துகொள்ளும். கறுப்புத் திரையைப் பார்த்தபடியே காப்பியை ஆறவிட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பேசாத பெட்டி

ஈ.டி. அதிகம் பேசாது. சொன்னது புரியாவிட்டால் ஒரே ஒரு கேள்விக்குறி. என்ன தப்பு, எங்கே தப்பு, மூச்சு விடாது. முதல் வருடம் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்து அழுதிருக்கிறேன். போகப் போக அந்த அமைதி எனக்குப் பிடித்தே போனது. ஒருநாள் கேட்டில் உட்கார்ந்து நான் மல்லாடுவதைக் காவலர் கோவிந்தராசு அண்ணன் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “தப்புன்னா என்னா தப்புன்னு சொல்ல வேணாமாம்மா? நம்ம மேனேஜரு மாதிரில்ல இருக்கு இது.”

காலை பஸ்

பெரம்பலூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அரைத்தூக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் வரிவரியாகப் பின்னால் போகும்; ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டுக்கொண்டே வருவேன். சுண்ணாம்புக்கல் லாரிகளையெல்லாம் நீக்கு என்று மனசுக்குள் கட்டளை போட்டால், சாலை ஒரு நொடி காலியாகி வெயில் மட்டும் மிஞ்சும். ஆலை நெருங்க நெருங்கப் புளியமரங்கள் வெளுக்கும். எது தூசி, எது கனவு என்று தெரியாத அந்த நேரம் சுகமானது. ஒருநாள் எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்க, “கடைசி வரி” என்று சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படி ஒரு ஸ்டேஜ் இல்லைங்க, கண்ணை முழிச்சிக்கிட்டுச் சொல்லுங்க.”

இரண்டு பேர்

அன்று வேலையை விட்டவர்கள் இரண்டு பேர். பன்னிரண்டாம் வரியில் ஒருவர். நாற்பதாம் வரியில், ஷார்ஜாவுக்குப் போய்விட்ட லப்பைக்குடிக்காட்டுக்காரர். பன்னிரண்டை நீக்கு, நாற்பதை நீக்கு என்று எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு போனதும் கீழே இருந்த எல்லாரும் ஒரு படி மேலே ஏறிவிடுவார்கள் என்பது என் அரைத்தூக்க மூளைக்கு எட்டவில்லை. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பதாம் இடத்துக்கு வந்து நின்றவர் பூலாம்பாடி ராமலிங்கம், பேக்கிங் பிரிவில் மூட்டை ஏற்றுபவர். ஈ.டி. அவரை எடுத்துவிட்டது. கேள்விக்குறிகூடப் போடவில்லை.

அந்த வருடம் ஒரு நாள்கூட விடாமல் வந்தவர்களைத்தான் நிரந்தர வேலைக்கு எடுப்பதாக இருந்தது. ராமலிங்கத்துக்கு அது கடைசி வாரம். சங்கு ஊதிக் கால் மணி நேரத்துக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் ஆப்சென்ட். கோவிந்தராசு அண்ணன் போன் செய்தார்: “ஷார்ஜா போனவரு பேரு இருக்கு, எதுக்க நிக்கிறவரு பேரு இல்ல. ஓடியாம்மா.”

ஒரு புள்ளி

ஓடினேன். ராமலிங்கம் பாஸை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேர்க்கும் கட்டளையைப் போட்டு, அவர் பெயரையும் பாஸ் எண்ணையும் அடித்தேன். பதிந்துகொள்ள டபிள்யூ, வெளியே வர க்யூ. ஒன்றும் நடக்கவில்லை. சங்கு ஊதிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அப்போதுதான் உறைத்தது: சேர்த்து முடித்ததும் தனி வரியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அடுத்து எதை அடித்தாலும் அதையும் பட்டியலில் ஓர் ஆளாகவே ஈ.டி. எடுத்துக்கொள்ளும். புள்ளி வைத்தேன். மறுபடி டபிள்யூ, க்யூ. கேட் திறந்தது. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சாயங்காலம் கோவிந்தராசு அண்ணன் வருகைத் தாளோடு வந்தார். “டபிள்யூன்னு ஒருத்தரு, க்யூன்னு ஒருத்தரு, காலையிலேருந்து வரவே இல்லம்மா. ஆப்சென்ட் போட்டுடவா?”

கீழேயிருந்து மேலே

அன்றிலிருந்து நீக்குவதையெல்லாம் கடைசி வரியிலிருந்து தொடங்கி மேலே வருகிறேன். கீழே இருப்பவர் போனால் மேலே இருப்பவரின் எண் மாறாது. ராமலிங்கத்துக்கு வேலை நிரந்தரமானது. நிரந்தரமானவர் பெயர் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பதால், அவரை நானே மறுபடி நீக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டார். அவர் வரியைத் திரையில் வரவழைத்துக் காட்டினேன். தன் பெயரை வாய்க்குள் இரண்டு முறை படித்துக்கொண்டார். ‘டி’ என்று ஒரே எழுத்தை அடித்து நீக்கினேன். பெட்டி வழக்கம்போல மௌனம். ராமலிங்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: “இந்தத் தடவ என்னையத்தானே எடுத்தீங்க மேடம், எனக்குப் பின்னால நிக்கிறவர இல்லையே?”

ஓர் ஆளை எடுக்க ஒரே எழுத்து போதும், திருப்பி வைக்கத்தான் பெயர், எண், ஒரு புள்ளி, கொஞ்சம் கண்ணீர் எல்லாம் வேண்டியிருக்கிறது என்பதே இத்தனை வருடத்தில் நான் கற்ற கம்ப்யூட்டர்.